தங்கச்சியின் கடவாய்ப் பல்

போன மாசம் திருப்பூரில் ஒரு கலந்துரையாடல். கடைசியில் கோரிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தபோது நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கிவிட்டு அனுப்புவதோடு நிறுத்தாமல், காப்பாற்ற முடிந்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப்பும் போட்டுத் தர வேண்டும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். "பஞ்சமி நிலத்துக்கும் ஆணவக் கொலைக்கும் நடுவுல பல்லை எங்கீங்க தோழர் சொருகறது?" என்று ஒருத்தர் கேட்டார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் நம் ஆட்கள் நாற்பது வயசுக்கு மேல் அப்படித்தான் சிரிக்கிறார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆதிக்க சாதிக்காரர் முன்னால் வாய்பொத்தி நின்ற பழக்கத்தின் மிச்சம் என்று ஒரு கவிதைகூட எழுதிவிட்டேன். பாதி உண்மைதான் அது. மீதி, பல் இல்லை.

எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே பல்லில்தான் கோளாறு வந்தது. கீழ்த்தாடை, வலது பக்கம், முதல் கடவாய்ப் பல். ஆறு வயசு வாக்கில் முளைப்பது. எந்தப் பல்லும் விழாமல், பால்பல் வரிசைக்குப் பின்னால் தானாக வருவதால் வீட்டில் இதையும் பால்பல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சொத்தையானால் 'விழுந்து முளைக்கும் போ' என்பார்கள். விழுந்தால் முளைக்காது. சாகும்வரை அது ஒன்றுதான். நிலைக்கிற பற்களில் அதிகமாகச் சொத்தையாவதும் அதுவே.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள். காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் ஒரே போர் தண்ணியைக் குடித்து, ஒரே பெட்டிக்கடையில் கமர்கட்டும் தேன்மிட்டாயும் தின்று வளர்ந்தவர்கள். நான் படித்து இடஒதுக்கீட்டில் வங்கியில் எழுத்தர் ஆனேன். அவள் பத்தாவதோடு பனியன் கம்பெனி வேனில் ஏறினாள். (என்னைப் படிக்கவைத்த பணத்தில் அவளுடைய சம்பளமும் உண்டு. இதை அடைப்புக்குறிக்குள் எழுதுவது வெட்கமாகத்தான் இருக்கிறது.) ஒரே வருஷத்தில், சில மாச இடைவெளியில், இருவருக்கும் அந்தப் பல் வலித்தது. என் பல் இன்னும் வாயில் இருக்கிறது. அவளுடையது இல்லை. இந்த வித்தியாசத்தை விளக்க எந்தக் கோட்பாடும் வேண்டியதில்லை. ஆனால் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

பல்லின் மேல் ஓடு எனாமல். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். அதில் நரம்பு இல்லை. ஓட்டை அங்கே இருக்கும்வரை வலிக்காது. நம்ம ஜனங்கள் 'பூச்சிப்பல்' என்கிறார்கள். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்று நம்பிய காலமும் உண்டு. பூச்சி ஏதும் கிடையாது. சர்க்கரையைத் தின்று கிருமிகள் கக்கும் அமிலம்தான் அரிக்கிறது. எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்கான டென்டினுக்கு அரிப்பு போனதும் கூச்சம் தொடங்கும். ஐஸ் தண்ணி பட்டால் சுரீர் என்று ஏறி, இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிடும். இது நல்ல சேதி. உள்ளே பல்கூழ் உயிரோடு இருக்கிறது, இன்னும் தேறும் என்று அர்த்தம். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் பெரும்பாலும் முடிந்தது. செலவு சில நூறு ரூபாய்.

யாரும் அப்போது போவதில்லை. 'சுரீர்ங்குது, அவ்வளவுதானே' என்று விட்டுவிடுவோம். நானும் விட்டேன்.

அடுத்த கட்டத்தில் வலி மாறுகிறது. சூடான டீ பட்டால் வலிக்கும். பட்டது போன பிறகும் அரைமணி நேரம் நிற்கும். பிறகு ஒன்றும் படாமலே வலிக்கும். ராத்திரி படுத்தால்தான் உயிர் போகும். பல்கூழ் என்பது நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த ஒரு சதை, கல் அறைக்குள் அடைபட்ட சதை. வேறெந்தச் சதையும் வீங்கினால் வெளியே தள்ளிக்கொள்ள இடம் இருக்கும். இதற்கு இல்லை. படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறுகிறது, அழுத்தம் கூடுகிறது. இந்தக் கட்டம் வந்துவிட்டால் அந்தக் கூழ் பிழைக்காது. அப்போது இரண்டே வழி. கூழை எடுத்துவிட்டுப் பல்லை வைத்துக்கொள்வது ஒன்று. பல்லையே எடுத்துவிடுவது மற்றொன்று. முதலாவதற்குப் பெயர் வேர் சிகிச்சை, ஜனங்கள் வாயில் 'ரூட் கேனால்'.

எனக்கு மூன்று தடவை உட்காரவைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, மேலே துளைத்து, முடி மாதிரி மெல்லிய அரங்களை வேர்க்குழாய்க்குள் விட்டு விட்டுச் சுரண்டினார் டாக்டர். என் பல்லில் மூன்று குழாய்கள். மருந்துத் தண்ணி விட்டுக் கழுவி, காயவைத்து, கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற பிசினால் அடைத்தார். இது மலேயா பக்கத்து மரப்பால். நம் பாட்டன்மார் ரப்பர் பால் வெட்டப் போன சீமையிலிருந்து இன்னொரு மரத்தின் பால் என் தாடைக்குள் வந்து உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டே வாயைப் பிளந்துகிடந்தேன். பிறகு பல்லைச் சுற்றிலும் ராவி, அளவெடுத்து, ஒரு வாரம் கழித்துக் கேப் மாட்டினார். டாக்டர்கள் கிரவுன் என்கிறார்கள், கிரீடம் என்று அர்த்தம். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம். நான்கு அரைநாள் லீவு. மேனேஜர் முகத்தைச் சுளித்தார். சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கவில்லை.

தங்கச்சி செக்கிங்கில் இருக்கிறாள். ஷிப்டுக்கு நானூறு சொச்சம். ஆர்டர் நெருக்கடி என்றால் ஒன்றரை ஷிப்ட். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் லீவு போட்டால் அடுத்த வாரம் 'வேற ஆளப் போட்டாச்சும்மா' என்பார் காண்ட்ராக்டர். அவளுக்கு ராத்திரி வலி வந்து ஆறு வாரம் ஓட்டினாள். கிராம்பு வைத்தாள், உப்புத்தண்ணி கொப்பளித்தாள், கம்பெனி வாசல் பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கி மத்தியானமும் ராத்திரியும் போட்டாள். ஒருநாள் காலையில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. "போயிருச்சுண்ணா, கிராம்பு கேட்டுருச்சு" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான்.

கூழ் செத்துவிட்டது, அதனால் வலி நின்றது. செத்த நரம்பு கத்தாது. இந்த இடத்தில்தான் நம் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். வலி நின்ற பல்லைவிட வலிக்கிற பல் தேவலை. வலி நின்றபின் கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் போகிறது. ஈறில் சின்னக் கொப்புளம் வந்து உடையும், வாய் நாறும், கடித்தால் பல் உசந்த மாதிரி இருக்கும். இதைக்கூட எக்ஸ்ரே எடுத்து, வேர் நல்லபடியாக இருந்தால், வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியும். தங்கச்சிக்கு ரெண்டு மாசம் கழித்துக் கன்னம் வீங்கியது. கண் வரைக்கும்.

ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எது என்று எழுதப்போவதில்லை, எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான். காலை ஏழரைக்குச் சீட்டு. முதல் நாள் வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஐந்து நாள் கழித்துப் போனபோது டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொன்னார், பார்த்தார், "எடுத்தர்லாமா?" என்றார். தங்கச்சி தலையாட்டினாள். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. வேர் சிகிச்சை செய்துகொண்ட ஒருத்தன், பட்டதாரி, கவிஞன், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "காப்பாத்த முடியாதுங்களா?" என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கு வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரே டாக்டர். கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். கேட்காமல் விட்டதுதான் உறுத்துகிறது.

அந்த டாக்டரம்மாவைக் குறை சொல்லவில்லை. பிடுங்க ஒரு ஊசியும் ஒரு குறடும் பத்து நிமிஷமும் போதும். வேர் சிகிச்சைக்கு ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம், அதுவும் இரண்டு மூன்று தடவை. அரங்கள் ஒடியும், தேயும், மாற்ற வேண்டும். கேப் செய்ய லேப் வேண்டும். இதற்கெல்லாம் ஆளும் பொருளும் கொடுக்காமல் குறடை மட்டும் கொடுத்தால் டாக்டர் குறடைத்தான் எடுப்பார். அரசு பல் மருத்துவக் கல்லூரி என்று ஒன்று சென்னையில் 1953-ல் வந்தது. பிறகு சிதம்பரத்தில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியை அரசு எடுத்துக்கொண்டது. 2023-ல் புதுக்கோட்டையில் ஒன்று திறந்தார்கள். கொங்குப் பக்கம் இருப்பதெல்லாம் தனியார். தனியார் கல்லூரியிலும் ஏழைக்குக் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் உண்டு, மறுக்கவில்லை. பிள்ளைகள் கை பழக வாய் வேண்டுமே.

இப்போது கேப் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வங்கிக் கவுண்ட்டரில் இருந்து நான் பார்க்கிறேன். பல்லுக்காக நகை அடகு வைக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன செலவுக்கு என்று கேட்டால் வாயைத் தொட்டுக் காட்டுவார்கள்.

வேர் சிகிச்சையும் கேப்பும் ஒன்றல்ல. வேர் சிகிச்சை உள்ளே நடப்பது. கேப் வெளியே போடுகிற கவசம். வேர் சிகிச்சை செய்த கடவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் அவசியம். சொத்தையும் துளையும் போக மிஞ்சுவது வெறும் சுவர். மெல்லுகிற பாரம் முழுக்க அதன்மேல் விழுகிறது, ஒருநாள் பிளந்துவிடும். முன்பல் அவ்வளவு பாரம் தாங்குவதில்லை, பல நேரம் அடைப்பே போதும். எங்கள் தெருவில் ஒரு அண்ணன், ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர், வேர் சிகிச்சைக்கே கையிருப்பு தீர்ந்துபோய் 'கேப் அடுத்த மாசம்' என்று வந்துவிட்டார். அடுத்த மாசம் வரவே இல்லை. எட்டு மாசத்தில் பொரிகடலை கடிக்கையில் பல் நெடுக்காகப் பிளந்தது. வேர் வரைக்கும் பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. மூவாயிரத்தைந்நூறு போட்டும் கடைசியில் குறடு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேப் போட வேண்டும் என்றாலே நரம்பை எடுக்க வேண்டும் என்பதில்லை. பல் கொஞ்சம் விரிசல் விட்டிருக்கலாம், பெரிய அடைப்பு ஆடிக்கொண்டிருக்கலாம், ஆனால் உள்ளே கூழ் நல்ல உயிரோடு இருக்கலாம். அப்போது கேப் மட்டும் போதும். "நரம்பை எடுத்துட்டுப் போட்டா வலியே வராதுங்க" என்று எல்லாப் பல்லுக்கும் ஒரே பாட்டுப் பாடுகிற கிளினிக்கும் இருக்கிறது. அங்கே நாம் கேட்க வேண்டும்: கூழ் உயிரோடு இருக்கிறதா, குளிர்ச்சி வைத்துச் சோதித்தீர்களா, எக்ஸ்ரேயில் வேர் நுனி எப்படி இருக்கிறது? நரம்பெடுக்காமல் கேப் போட்ட பல் பின்னால் சில சமயம் வலியெடுக்கும் என்பதும் உண்மை. ராவும்போது பட்ட அதிர்ச்சியில் கூழ் மெல்லச் செத்திருக்கும். அப்போது பெரும்பாலும் கேப் வழியாகவே துளைத்து வேர் சிகிச்சை செய்யலாம். அதற்குப் பயந்து உயிருள்ள கூழை முன்கூட்டியே எடுத்துவிடுவது வைத்தியமில்லை.

கேள்வி கேட்பது கௌரவத்துக்காக அல்ல. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில், திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் மெலியாய்டோசிஸ் கிருமி மூளைக்குப் போய் எட்டுப் பேர் செத்திருக்கிறார்கள். 2025-ல் வெளியான ஆய்வில்தான் இந்த முழு விவரமும் வெளியே வந்தது. வைத்தியத்துக்குப் பயப்படச் சொல்லி இதை எழுதவில்லை. புது பாட்டிலா, கொதிகலனில் வைத்த கருவியா என்று கேட்கிற வாய் நமக்கு வேண்டும். பல் டாக்டர் முன்னால் வாய் திறந்திருக்கிறது, ஆனால் பேச முடியாது. அதனால் உட்காருவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.

வாய் என்றதும் இன்னொன்று. சாதியின் எல்லைக்கோடு வாயில்தான் ஓடுகிறது. தனி டம்ளர் யாருக்காக? எச்சிலுக்காக. உயரத்தில் பிடித்துக் கையில் தண்ணி ஊற்றியது எதற்காக? உதடு படக்கூடாது என்று. அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் 1929-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சேர்த்திருக்கிறார். கத்தியவாரில் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ஒரு வாத்தியாரின் மனைவி பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் கிடக்கிறாள். வந்த டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார், சேரிக்கு வெளியே கொண்டுவரச் சொல்கிறார், தொடமாட்டேன் என்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் புருஷனிடம் கொடுக்க, அவர் மனைவிக்கு வைத்து அதே வரிசையில் திருப்பிக் கொடுக்கிறார். நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அவள் பிழைக்கவில்லை. கை நுழைந்து பார்த்தாக வேண்டிய பல் வைத்தியத்தில் அந்த டாக்டர் என்ன செய்திருப்பார்?

எங்கம்மாவுக்கு ஐம்பது வயசுக்குள் பதினேழு பல் போய்விட்டது, எல்லாம் பிடுங்கியவை. முதல் தடவை போய்வந்தபோது சொன்னாளாம்: "உறை மாட்டிக்கிட்டாவது தொட்டாங்களே கண்ணு." கிருமிக்காக வந்த கையுறையை அவள் அப்படித்தான் புரிந்துகொண்டாள். நான் திருத்தவில்லை. இப்போது முறுக்கை டீயில் ஊறவைத்துத் தின்கிறாள். மாட்டுக்கறி சமைத்தால் சாறு மட்டும் ஊற்றிக்கொள்வாள். மாட்டுக்கறியைத் தடுக்க இத்தனை சட்டம் எதற்கு என்று சில சமயம் தோன்றும், எங்கள் பல்லைப் பிடுங்கினாலே போதுமே.

பிடுங்குவது இங்கே வெறும் வைத்தியச் சொல் அல்ல. 'பல்ல ஒடச்சிருவேன்' என்பது வரப்பில் கேட்டு வளர்ந்த வார்த்தை. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பல்லைக் கட்டிங் பிளேயரால் பிடுங்கியதாகப் புகார் வந்து, உதவிக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. சீமைக்குப் போனாலும் கதை அதுதான். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் 1784-ல் ஒரு வரி இருக்கிறது: கறுப்பர்களுக்கு 9 பல்லுக்காகக் கொடுத்த தொகை, 6 பவுன் 2 ஷில்லிங். அவருடைய பொய்ப்பல் செட்டில் மனிதப் பற்களும் இருந்தன. ஒரு எழுத்தனாக அந்த வரியைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பற்று வைத்தவன் கை கொஞ்சமும் நடுங்கியிருக்காது. நானும் தினம் பற்று வைக்கிறேன்.

கூட்டத்தில் சிரித்த தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வட்டாரத்தில் எது கெட்டாலும் நொய்யல், சாயப்பட்டறை, ஒரத்துப்பாளையம் அணை என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கொடுமைகள் நிஜம். ஆனால் தங்கச்சி பல்லுக்குக் காரணம் சாயத்தண்ணி இல்லை. பத்தரைக்கு ஒரு சர்க்கரை டீ, பன். மூன்றரைக்கு ஒரு டீ. ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி இன்னொன்று. வாய் கொப்பளிக்க எழுந்து போனால் சூப்பர்வைசர் முறைப்பு. இது கூலி முறையில் இருக்கிற நோய். கோரிக்கையும் அங்கேதான் இருக்கிறது. 2019-ல் ஈ.எஸ்.ஐ. பங்கைத் தொழிலாளிக்கு 1.75-லிருந்து 0.75 சதவீதமாகவும் முதலாளிக்கு 4.75-லிருந்து 3.25 சதவீதமாகவும் குறைத்தார்கள். யாருக்கு அதிகம் மிச்சம் என்று வங்கி எழுத்தன் சொல்ல வேண்டியதில்லை. பீஸ்ரேட்டுக்கும் காண்ட்ராக்டுக்கும் இருக்கிற நம் பெண்களில் எத்தனை பேர் கையில் அந்த அட்டை இருக்கிறது என்று சங்கத் தோழர்கள் முதலில் எண்ணட்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பல் பிரிவு திறக்கட்டும். வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் சேர்த்தே பொருளும் ஆளும் கேட்போம். பாதியைக் கொடுத்தால் ரைஸ்மில் அண்ணனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

தங்கச்சியின் வலது பக்கம் இப்போது குழி. பக்கத்துப் பல் குழியை நோக்கிச் சாயத் தொடங்கியிருக்கிறது, எதிரே மேல்பல் கீழே இறங்குகிறது. எல்லாம் இடது பக்கத்தில்தான் மெல்லுகிறாள். போன வாரம் போனில் சொன்னாள்: "இந்தப் பக்கமும் ஐஸ் தண்ணி பட்டா சுரீர்ங்குதுண்ணா." எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டேன். டக்குனு போயிருதாம். சூட்டுக்கு இல்லையாம், ராத்திரியும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை திறந்திருக்கிற ஒரு கிளினிக்கில் சீட்டுப் போட்டிருக்கிறேன். ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஓவர்டைம் போடாமல் இருந்தால் வருகிறேன் என்றாள்.